சொல்லின் எடை அறிந்த குரல்

கவிதையைக் கண்ணால் படிப்போர் பெருகி, காதால் கேட்போர் அருகிவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். ஒரு சொல்லைத் தேர்ந்து தாளில் வைப்பதற்குக் கவிஞன் படும் பாட்டில் பாதியேனும், அச்சொல்லை வாய்விட்டுச் சொல்வதற்கு அவன் படுகின்றானா என்னும் கேள்வி கவியரங்குகளுக்குச் சென்று வருவோர் பலருக்கும் எழுவதுதான். பத்தாண்டுகளாகக் கவிதையோடு பழகிவரும் நம் வட்டத்தின் மலரில், கவிஞர் அல்லாத ஒருவரை, தமிழுக்கு அயலான ஒரு கலையில் வாழ்ந்து மறைந்த ஒருவரை, அறிமுகம் செய்ய முற்படுவதற்கு அக்கேள்வியே காரணம். அவர் ருஷ்யப் பாடகர் பியோதர் ஷல்யாப்பின். நல்ல குரல் வாய்த்துவிட்டால் பாட்டும் வாய்த்துவிடும் என்று நம்பியிருந்த இசைநாடக மேடையில், சொல்லின் பொருளையே குரலின் நிறமாக்கிக் காட்டியவர் அவர். அதனை அவர் எங்கே, யாரிடம், எவ்வாறு கற்றார் என்பதும், கற்றது அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதும் இக்கட்டுரையின் பொருள்.

தாழ்ந்த குரலின் இயல்பு

மேலைநாட்டு இசைநாடகமாகிய ஆப்பெராவில் ஆண் குரல்களைப் பெரும்பான்மையும் மூன்றாகப் பகுப்பர். உயர்ந்து ஒலிப்பது டெனார், இடைப்பட்டது பாரிடோன், தாழ்ந்து ஒலிப்பது பாஸ். நம் முன்னோர் மெலிவு, சமன், வலிவு என்று தானம் பிரித்தது ஒரே குரலின் இயக்கத்தை; அங்கே மனிதர்களையே குரலால் பிரித்துவிடுகிறார்கள். காதலனும் வீரனும் பெரும்பாலும் டெனாருக்கு உரியவர்கள். முதிய அரசர், தந்தை, பூசகர், சாத்தான் ஆகியோர் பாஸுக்கு வந்து சேர்வர். மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' நாடகத்துச் சராஸ்ட்ரோ, வெர்டியின் 'தோன் கார்லோஸ்' நாடகத்து மன்னன் பிலிப், குனோவின் 'பாவுஸ்ட்' நாடகத்து மெபிஸ்டோபிலிஸ் ஆகியோர் இவ்வகையினர். ரோசினியின் 'செவில் நகர நாவிதன்' நாடகத்தில் வரும் பசிலியோ போன்ற நகைச்சுவைப் பாத்திரங்களும் இக்குரலுக்கு உண்டு.

பாஸ் பாடகர் தொடும் தாழ்ந்த சுரங்களில் குரல்நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 80 முறையே அதிர்கின்றன. ஒலிபெருக்கியின் துணையின்றி அந்த ஒலி ஒரு பெரிய வாத்தியக் குழுவைக் கடந்து கடைசி வரிசைவரை சென்றாக வேண்டும். உரத்துக் கத்துவதனால் அது கைகூடுவதில்லை. பயிற்சி பெற்ற பாடகரின் தொண்டையும் வாய்க்குழியும் சேர்ந்து, விநாடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஒரு தனி ஒளிர்வைக் குரலுக்குத் தருகின்றன. வாத்தியங்களின் ஒலி அப்பகுதியில் மெலிந்திருப்பதால் குரல் அவற்றின் இடையே புகுந்து வெளிப்படுகிறது. இத்திறன் உடலில் படிவதற்கு ஆண்டுகள் பல வேண்டும். தாழ்குரல் பிந்தியே முதிரும் என்பர். 30 வயதைக் கடந்த பின்னரே பெரிய வேடங்களை ஏற்போர் பலர். ஷல்யாப்பின் தம் வாழ்வின் மிகப் பெரிய வேடத்தை 25ஆம் வயதில் ஏற்றார் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

கசான் நகரத்துச் சிறுவன்

வோல்கா ஆற்றின் கரையை அடுத்த கசான் நகரில், இன்றைய நாட்காட்டிப்படி 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஷல்யாப்பின் பிறந்தார். தந்தை இவான் உழவர் குடியிலிருந்து வந்து அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். குடிப்பழக்கம் உடையவர்; குடித்த நாளில் மனைவியையும் மக்களையும் அடிப்பவர். தாய் கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். மகன் ஒரு கைத்தொழில் கற்கட்டும் என்று செருப்புத் தைப்பவரிடமும் மரக் கடைசல்காரரிடமும் தந்தை அவரை விட்டார். எதுவும் நிலைக்கவில்லை. பிறகு அவரும் தந்தையைப் போலவே அலுவலகங்களில் படியெடுக்கும் வேலைக்குச் சென்றார்.

இசை அவருக்குத் தேவாலயத்தின் வழியே வந்தது. பாடகர் குழுவை நடத்தியவர் சிறுவனின் குரலைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, சுரக்குறிகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு வயதளவில் முதன்முதலாக நாடகம் பார்த்த பின்னர் அரங்கத்தை விட்டு அவர் மனம் அகலவில்லை. ஆயினும் முதல் முயற்சி அவமானத்தில் முடிந்தது. கசான் பூங்கா அரங்கு ஒன்றில் பேசும் வேடம் ஒன்று கிடைத்தபோது, மேடையேறிய சிறுவன் அச்சத்தால் நாவெழாமல் நின்றான். அத்தோடு அங்கிருந்து விரட்டப்பட்டான்.

அதே 1880களில் அதே நகரத்தில், ரொட்டிக் கடை ஒன்றில் மாவு பிசைந்துகொண்டிருந்த இன்னோர் இளைஞர் இருந்தார். 'தாய்' நாவலின் வழியே தமிழ் வாசகர் நெஞ்சில் இடம்பெற்ற மாக்சிம் கார்க்கியே அவர். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நகரத்தின் வறுமையில் வளர்ந்த இவ்விருவரும் பிற்காலத்தில் உற்ற நண்பராயினர். ஷல்யாப்பின் 1916ஆம் ஆண்டு கிரிமியாவில் தம் இளமைக் கதையைச் சொல்லச் சொல்ல, அதனை நூலாக்கித் தந்தவர் கார்க்கி. மேலே சொன்ன செய்திகளுள் பல அந்நூலால் நாம் அறிவன.

1890ஆம் ஆண்டு, 17 வயதில், ஊஃபா நகரில் நாடகம் நடத்த வந்த ஒரு குழுவில் மாதம் 20 ரூபிள் சம்பளத்தில் குழுப்பாடகராகச் சேர்ந்தார். அவ்வாண்டின் டிசம்பரில், உடல்நலம் குன்றிய ஒருவருக்கு மாற்றாக மொனியூஷ்கோவின் 'ஹல்கா' நாடகத்தில் அவருக்கு முதல் தனி வேடம் கிடைத்தது. பாடிவிட்டு அமரப் போனபோது நாற்காலி இடம் மாறியிருந்தமையால் தரையில் விழுந்தார், அவை சிரித்தது. பிற்காலத்தில் மேடையில் ஒவ்வோர் அசைவையும் அளந்து வைத்தவர் என்று பெயரெடுத்தவரின் தொடக்கம் இது.

திஃப்லிஸ்: ஓர் ஆசிரியரும் ஓர் ஆண்டும்

ஊஃபாவுக்குப் பின் ஊர் ஊராகச் சுற்றிய உக்ரேனிய நாடகக் குழு ஒன்றோடு நடு ஆசியா வரை சென்றார். காஸ்பியன் கரையிலிருந்த பாக்கூ நகரில் பட்டினி கிடந்தார். 1892இல், இன்று திபிலிசி என வழங்கும் திஃப்லிஸ் நகரை அடைந்து, ரயில்வே அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையைப் பெற்றார். அந்நகரில் திமித்ரி உசாத்தவ் என்பவர் இசை கற்பித்துவந்தார். மாஸ்கோவின் புகழ்பெற்ற போல்ஷாய் அரங்கில் டெனாராகப் பாடி ஓய்வு பெற்றவர் அவர். கந்தல் உடுத்து வந்து நின்ற இளைஞனைப் பாடச்சொல்லிக் கேட்டார். கட்டணம் எதுவும் பெறாமல் கற்பிக்க இசைந்தார்.

உசாத்தவ் கற்பித்தது பாட்டு மட்டுமன்று. உடை தந்தார், தம் வீட்டு மேசையில் உணவு தந்தார், அந்த மேசையில் எவ்வாறு அமர்ந்து உண்பது என்பதையும் கற்றுக்கொடுத்தார். பாடத்தில் அவர் கடுமையானவர். சுரம் சோர்ந்தால் மாணவனின் நெஞ்சில் தட்டி, 'தாங்கு, தாங்கு' என்று உரக்கச் சொல்வாராம். எதனை எதன்மேல் தாங்குவது என்பது நெடுநாள் விளங்கவில்லை என ஷல்யாப்பின் எழுதியிருக்கிறார். ஒலியை மூச்சின்மேல் தாங்க வேண்டும், மூச்சை உதரவிதானத்தின் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தொண்டையை நெருக்கிப் பாடுகின்றவன் சில ஆண்டுகளில் குரலை இழப்பான். மூச்சை ஆள்கின்றவனுக்கே மெல்லிய ஒலியும் நீண்ட சொற்றொடரும் வசப்படும். இத்தாலியப் பாடல் மரபின் அடிப்படைப் பாடம் இது.

இதனினும் பெரிய பாடம் ஒன்றை உசாத்தவ் தந்தார். பியானோவின் முன் அமர்ந்து, பழகிய இத்தாலிய நாடகங்களின் பகுதிகளை இசைத்துக் காட்டுவார். பிறகு முசோர்க்ஸ்கியின் பகுதிகளை இசைப்பார். முன்னது இனிமையானது, பின்னது பேசுகின்ற மனிதனின் இயல்பையே சுரத்தில் வடித்திருப்பது. இரண்டையும் அருகருகே வைத்து இளைஞனின் காதைத் திறந்தார். முசோர்க்ஸ்கி 1881ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். இலக்கணம் அறியாதவர் என்று பலராலும் ஒதுக்கப்பட்டிருந்தவர். அவரை ஒரு மாணவனுக்கு 1892இல் உயர்ந்த இலக்காகக் காட்டியது ஆசிரியரின் தொலைநோக்கு எனலாம்.

முறையான பயிற்சி ஏறத்தாழ ஓர் ஆண்டே நிகழ்ந்தது. 1893ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் திஃப்லிஸ் இசைநாடக அரங்கில், வெர்டியின் 'அய்தா'வில் தலைமைப் பூசகர் ராம்ஃபிஸ் வேடத்தில் அவர் அரங்கேறினார். அந்த ஒரு பருவத்திலேயே பத்துக்கும் மேற்பட்ட வேடங்களைப் பாடினார்.

தோல்வி கற்பித்தது

1895இல் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கு அவரை ஏற்றுக்கொண்டது. அரசு அரங்கில் இடம் பெறுவது பாடகர் யாவரும் விரும்பும் பேறு. எனினும் அங்கே அவர் ஒளிரவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள்; அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்நாளில் அவருக்கு வழிகாட்டியவர் மமோந்த் தால்ஸ்கி என்னும் நாடக நடிகர், பாடகர் அல்லர். தார்கோமீஷ்ஸ்கியின் 'ருசால்கா' நாடகத்தில், மகளுக்கு அறிவுரை கூறும் மாவு ஆலைக்காரனின் பாட்டு தமக்கு எடுபடவில்லை என்று ஷல்யாப்பின் அவரிடம் முறையிட்டார். பாட வேண்டா, அச்சொற்களைப் படித்துக் காட்டு என்றார் தால்ஸ்கி. நிறுத்தக் குறிகளையெல்லாம் மதித்துச் செம்மையாகப் படித்துக் காட்டினார் இளைஞர். 'நீ படித்தது துடுக்கான ஒரு சில்லறை வியாபாரியின் தொனி. ஆலைக்காரன் நிலத்தில் காலூன்றி நிற்கும் கனத்த மனிதன்' என்னும் கருத்துப்படத் தால்ஸ்கி திருத்தினார். சொற்கள் பிழையின்றி வந்தன. சுரங்களும் பிழையின்றி வந்தன. சொல்லுகிற ஆள்தான் மாறிவிட்டான். தம் குறை குரலில் இல்லை, தொனியில் இருக்கிறது என்று அன்று உணர்ந்ததாக ஷல்யாப்பின் பிற்காலத்து நூலில் எழுதுகிறார். பாடகர் பலர் சுரங்களைப் பாடுகின்றனர், அவற்றின்மேல் அசைகளை ஒட்டவைக்கின்றனர் என்று அவர் அந்நூலில் கூறும் குறை, அன்றைக்கு அவருக்கே பொருந்தியிருந்தது.

மாமந்தவின் அரங்கு

1896ஆம் ஆண்டு கோடையில் நீழ்னி நோவ்கரது நகரில் பெரிய பொருட்காட்சி நடைபெற்றது. ரயில்பாதைகள் அமைத்துச் செல்வரான சாவா மாமந்தவ் தாம் நடத்திய தனியார் இசைநாடகக் குழுவை அங்கே கொண்டுவந்தார். விடுமுறையில் பாட வந்த ஷல்யாப்பினைத் தம்மோடு இருத்திக்கொள்ள விரும்பினார். மாரின்ஸ்கி ஒப்பந்தத்தை முறித்ததற்கான அபராதத்தில் பாதியைத் தாமே செலுத்தினார். நிலையான அரசுப் பதவியை விட்டு நிலையற்ற தனியார் மேடைக்குச் சென்றபோது ஷல்யாப்பினுக்கு வயது 23.

அந்த அரங்கில் திரைச்சீலை தீட்டியவர்கள் வியாபாரக் கலைஞர்கள் அல்லர். கரோவின், வ்ரூபெல், சிரோவ், வாஸ்நெத்சோவ் முதலிய பெரும் ஓவியர்கள் அங்கே கூடினர். அவர்களோடு பழகிய ஷல்யாப்பின் ஓவியம் பார்க்கக் கற்றார். தாமே வரையவும் கற்றார். பிற்காலத்தில் தம் வேடங்களுக்கான ஒப்பனையைத் தாமே வரைந்து அமைத்துக்கொண்டார். ரீம்ஸ்கி கோர்சக்கவின் 'ப்ஸ்கோவ் நகரப் பெண்' நாடகத்தில் கொடுங்கோலன் என்று பெயர்பெற்ற இவான் மன்னனின் வேடத்தை 1896 டிசம்பரில் ஏற்றபோது, ரேப்பின் தீட்டிய ஓவியத்தையும் அந்தோகோல்ஸ்கி வடித்த சிற்பத்தையும் கண்டு உருவத்தைத் தேடினார். உருவம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை. அம்மன்னன் ஒரு வீட்டு வாயிலில் நின்று, உள்ளே நுழைவதா வேண்டாவா என்று கேட்பதுதான் முதற்பேச்சு. அதனை வஞ்சகமும் போலிப் பணிவும் தோன்றச் சொல்லிப் பார்த்தார். ஒத்திகையைக் கண்ட மாமந்தவ், இவன் தந்திரக்காரனாகத் தெரிகிறான், அச்சந்தரும் மன்னனாகத் தெரியவில்லையே என்றார். பின்பு அதே சிறு கேள்வியை அதிகாரத்தின் முழுக் கனத்தோடும் ஷல்யாப்பின் உச்சரித்தார். அந்த ஒரு தொனியிலிருந்து வேடம் முழுவதும் விரிந்தது என்கிறார். ஒரு கவிதையின் முதலடி கிடைத்ததும் மற்றவை வந்து சேர்வதைப் பட்டறிந்தோருக்கு இது புதிதன்று.

போரிஸ் கதுனோவ்

மாமந்தவின் அரங்கில் இசைக்குழு நடத்துநராக ஒரு பருவம் பணிபுரிந்த இளைஞர் செர்கேய் ராக்மானினவ், ஷல்யாப்பினுடைய ஒத்த வயதினர். 1898ஆம் ஆண்டுக் கோடையில் குழுவினர் பலர் புத்யாத்தினோ என்னும் சிற்றூர்ப் பண்ணை வீட்டில் தங்கியிருந்தனர். அங்கே ராக்மானினவ் பியானோவின் முன் அமர்ந்து, முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கதுனோவ்' நாடகத்தை நண்பருக்குக் கற்பித்தார். ஷல்யாப்பின் தம் வேடத்தோடு நிற்கவில்லை; நாடகத்தின் எல்லா வேடங்களையும் பாடம் செய்தார். தன்னிடம் பேசுகின்றவன் என்ன சொல்கிறான் என்று அறியாதவன் எவ்வாறு மறுமொழி சொல்வான் என்பது அவர் கருத்து. வரலாற்றாசிரியர் கிளுச்செவ்ஸ்கி அப்பக்கத்தில் தங்கியிருந்தார். அவரோடு காட்டுவழியே நடந்து, போரிஸின் காலத்தையும் அரசவைச் சூழ்ச்சிகளையும் கேட்டறிந்தார்.

போரிஸ் 1598 முதல் 1605 வரை ருஷ்யாவை ஆண்டவர். பட்டத்துக்குரிய இளஞ்சிறுவன் திமித்ரி 1591இல் இறந்ததற்கு அவர் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர் கருத்து வேறுபடுவர். புஷ்கின் தம் நாடகத்தில் அவரைக் குற்றவாளியாகவே கொண்டார். முசோர்க்ஸ்கி புஷ்கினைப் பின்பற்றினார். முசோர்க்ஸ்கியின் முதல் வடிவம் 1869இல் முடிந்து, அரசு அரங்குகளால் மறுக்கப்பட்டு, திருத்தப்பெற்று 1874இல் மேடையேறியது. ருஷ்ய மொழியின் பேச்சு ஏறி இறங்கும் முறையையே இசையாக்குவது அவர் நோக்கம். மனச்சான்று உறுத்தும் மன்னன், கொல்லப்பட்ட குழந்தையை இருளில் காண்பதாக அஞ்சி நடுங்கும் காட்சியில் பாட்டு உடைந்து பேச்சாகிறது. பேச்சு உடைந்து மூச்சாகிறது.

1898 டிசம்பரில் மாஸ்கோவில் ஷல்யாப்பின் போரிஸாக மேடையேறினார். அதன் பின்னர் அவ்வேடம் அவருடைய பெயரோடு ஒன்றிவிட்டது. ரீம்ஸ்கி கோர்சக்கவ் செப்பனிட்ட வடிவத்திலேயே அவர் அதனைப் பாடினார். முசோர்க்ஸ்கியின் கரடுமுரடான மூல வடிவம் மேடைகளில் செல்வாக்குப் பெற்றது பிற்காலத்தில்தான். ஆயினும் அந்நாடகத்தை உலகம் அறியச்செய்தது ஷல்யாப்பினின் குரல் என்பதில் ஐயமில்லை.

எல்லைகளுக்கு அப்பால்

1899இல் போல்ஷாய் அரங்கு அவரை அழைத்துக்கொண்டது. 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இத்தாலியின் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில், பாய்ட்டோவின் 'மெபிஸ்டோபிலே' நாடகத்தில் சாத்தானாகப் பாடினார். இசைக்குழுவை நடத்தியவர் தொஸ்கானினி. உடன் பாடியவர் கரூசோ. கூலி பெற்றுக் கைதட்டும் கூட்டம் ஒன்று அந்நாளில் அரங்குகளை அண்டிப் பிழைத்துவந்தது. பணம் தர மறுத்துவிட்டு மேடையேறினார் ஷல்யாப்பின், பெருவெற்றி கண்டார். இத்தாலியருக்கே அவர்களுடைய நாடகத்தைப் பாடிக்காட்டும் துணிவுக்குப் பின்னால், முந்தைய கோடையில் இத்தாலியக் கடற்கரையில் தங்கி மொழி பயின்ற உழைப்பு இருந்தது.

எல்லா ஊரும் அவரை ஒரே வகையில் வரவேற்கவில்லை. 1907இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் பாடியபோது, அவருடைய சாத்தான் வேடத்தைப் பண்பற்றது என்று விமரிசகர் சாடினர். பசிலியோவைக் கொச்சையானது என்றனர். கசப்போடு திரும்பினார். மறு ஆண்டு, 1908 மே மாதம், தியாகிலெவ் ஏற்பாட்டில் பாரிஸ் நகரில் 'போரிஸ் கதுனோவ்' மேடையேறியபோது ஐரோப்பாவே திரும்பிப் பார்த்தது. 1910இல் மாசனே தம் 'தோன் கிகோத்தே' நாடகத்தின் தலைமை வேடத்தை அவருக்காகவே அமைத்தார். 1921இல் மீண்டும் நியூயார்க் சென்று போரிஸாகப் பாடினார். மற்றவர் யாவரும் இத்தாலிய மொழியில் பாட, அவர் மட்டும் ருஷ்ய மொழியில் பாடினார். 14 ஆண்டுகளுக்கு முன் இகழ்ந்த ஊர் இப்போது எழுந்து நின்று கைதட்டியது.

தம் கலையின் உள்முறையை அவர் 'முகமூடியும் ஆன்மாவும்' என்னும் நூலில் விளக்கியிருக்கிறார். மேடையில் தாம் இருவராக இருப்பதாகச் சொல்கிறார்: ஒருவர் நடிக்கிறார், மற்றவர் அவரைக் கண்காணிக்கிறார். கிளிங்காவின் நாடகத்தில் உழவன் சுசானினாகப் பாடுகையில், பிரிவுக் காட்சியில் உண்மையாகவே கண்ணீர் வந்து தொண்டை தழுதழுத்ததாம். உடனே உள்ளிருக்கும் கண்காணிப்பாளர், அழ வேண்டியவன் பாத்திரம், நீ அல்லை என்று எச்சரித்தாராம். உணர்ச்சி மிகுந்தால் கவிதை தானே வந்துவிடும் என்று எண்ணும் இளங்கவிஞர்கள் இதனைச் சிந்தித்துப் பார்க்கலாம். நடிப்புக் கலைக்கு இலக்கணம் வகுத்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தம் கொள்கைக்கு எடுத்துக்காட்டாக ஷல்யாப்பினைப் பலகாலும் சுட்டினார்.

குறை கூறுவோரும் உண்டு. சொல்லுக்காகக் காலக்கணக்கை நீட்டவும் சுருக்கவும் அவர் தயங்கியதில்லை. இசைக்குழு நடத்துநர்களோடு ஓயாமல் மோதினார். இயற்றியவன் எழுதிய சுரத்தை அப்படியே பாடுவதுதான் நேர்மை என்று கருதுவோருக்கு அவருடைய இசைத்தட்டுகளில் மறுப்பதற்கு இடம் உண்டு. அவரைப் போலவே விம்மியும் முனகியும் பாட முயன்று, அவருடைய கட்டுப்பாடு கைவராமல் வெறும் ஆரவாரத்தில் முடிந்தவர்களும் உளர்.

மண்டியிட்ட மாலையும் பிரிந்த மண்ணும்

1911ஆம் ஆண்டு ஜனவரியில் மாரின்ஸ்கி அரங்கில் 'போரிஸ் கதுனோவ்' நடந்தபோது ஜார் மன்னர் அவையில் இருந்தார். ஓய்வூதியக் குறைகளை முறையிட விரும்பிய குழுப்பாடகர்கள் திடீரென மேடையில் மண்டியிட்டு அரச வாழ்த்தைப் பாடினர். மேடையில் இருந்த ஷல்யாப்பினும் மண்டியிட்டார். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளை, கார்க்கியின் நண்பர், மன்னன் காலில் விழுந்தான் என்று செய்தி பரவியது. மார்க்சிய அறிஞர் பிளெகானவ், ஷல்யாப்பின் தமக்கு அளித்த நிழற்படத்தைத் திருப்பி அனுப்பினார். கார்க்கியும் வருந்தினார், ஆனால் அவ்வாண்டிலேயே காப்ரி தீவில் சந்தித்துப் பேசிய பின் நண்பரின் பக்கம் நின்றார். எதிர்பாராத நொடியில் செய்த ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை, புகழ்பெற்ற கலைஞனுக்கு எக்காலத்தும் உள்ளதே.

புரட்சிக்குப் பின் 1918இல் 'குடியரசின் மக்கள் கலைஞர்' என்னும் பட்டத்தை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. பஞ்ச காலத்தில் பாட்டுக்குச் சன்மானமாக மாவும் உணவுப் பொருள்களும் பெற்றுப் பாடினார். 1922ஆம் ஆண்டுக் கோடையில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்கெனப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. பாரிஸில், நாடிழந்து வறுமையுற்ற ருஷ்யக் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் பணம் கொடுத்தார். புரட்சியின் பகைவருக்கு உதவினார் என்று குற்றஞ்சாட்டி, 1927இல் அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. தாயகம் திரும்புமாறு கார்க்கி அழைத்தும் அவர் இசையவில்லை. பின்னர் அந்நட்பும் முறிந்தது.

ஒரு மொழியின் பேச்சொலியையே தம் கலையாகக் கொண்டவர், அம்மொழி அறியாத அவைகளின் முன்னே வாழ்நாளின் கடைசி 16 ஆண்டுகளைக் கழித்தார். ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனம் வரை சென்று பாடினார். தம் கச்சேரிகளில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாடல்களின் சொற்களையும் மொழிபெயர்ப்பையும் அச்சிட்ட சிறு நூலை அவையோர் கையில் கொடுத்துவிடுவார். முன்கூட்டி வகுத்த நிரல் இராது. மேடையில் நின்று, இத்தனையாம் எண் பாடல் என்று அறிவித்துவிட்டுப் பாடுவார். தாள் புரளும் ஓசை அடங்கியதும் குரல் எழும். பொருள் தெரியாமல் தம் குரலை மட்டும் கேட்டுச் செல்வதை அவர் விரும்பவில்லை என்பது இதனால் விளங்கும். 1933இல் பாப்ஸ்ட் இயக்கிய 'தோன் கிகோத்தே' திரைப்படத்தில் நடித்தார். 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், இரத்தப் புற்றுநோயால் பாரிஸில் மறைந்தார். 1984இல் அவருடைய எச்சங்கள் மாஸ்கோவின் நோவதேவிச்சி இடுகாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. பறிக்கப்பட்ட பட்டம் 1991இல் மீண்டும் வழங்கப்பட்டது.

நமக்கு எஞ்சுவது

இன்று அவரைக் கேட்க விரும்புவோருக்கு இசைத்தட்டுகளின் பதிவுகள் கிடைக்கின்றன. 1928இல் லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் நிகழ்ச்சி நடக்கும்போதே பதிவுசெய்த 'போரிஸ் கதுனோவ்' காட்சிகள் அவற்றுள் சிறந்தவை. இரைச்சலுக்கு இடையே அம்மன்னனின் அச்சமும் இறப்பும் தெளிவாகக் கேட்கின்றன. பல்கேரிய நாட்டுப் பாடகர் போரிஸ் கிறிஸ்தோவ் முதலியோர் பின்னாளில் அவ்வேடத்தைப் பெருமையுறப் பாடியிருக்கின்றனர். எனினும் எவரும் ஷல்யாப்பினை நினைவுகூராமல் அதனை அணுக இயலவில்லை.

அவருடைய பயிற்சியை முழுமையாக நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். மூச்சை ஒரு பாடகர் கற்பித்தார். தொனியை ஒரு நடிகர் கற்பித்தார். உருவத்தை ஓவியர்கள் கற்பித்தனர். காலத்தை ஒரு வரலாற்றாசிரியர் கற்பித்தார். கட்டமைப்பை ஓர் இசையமைப்பாளர் கற்பித்தார். பள்ளிப் படிப்பு மிகுதியில்லாத ஒருவர், தாம் அறியாதது எது என்பதை அறிந்து, அதை அறிந்தவரைத் தேடிச் சென்று கேட்டார். இயற்கை தந்த தாழ்ந்த குரல் அவருக்கு மூலப்பொருளாக மட்டுமே இருந்தது.

கவிதை வாசிப்போர் அவரிடம் கற்கக்கூடியது எளியது, கடைப்பிடிப்பதுதான் அரியது. இவ்வடியைச் சொல்கின்றவன் யார், யாரிடம் சொல்கிறான், சொல்லும்போது அவன் எந்நிலையில் நிற்கிறான் என்னும் மூன்றையும் ஓர்ந்த பின்னரே வாய் திறப்பது. தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் சேர்த்து எண்ணிய மரபில் வந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று. எழுதும்போது நாம் பெரும்பாலும் கேட்டுக்கொள்கின்ற இக்கேள்விகளை, எழுதியதைப் படிக்க எழுந்து நிற்கும்போதும் கேட்டுக்கொள்வோமானால், வரும் ஆண்டுகளில் நம் வட்டத்தின் கூட்டங்களில் கவிதைகள் செவிக்கும் உரியனவாகும்.